பார்பராவின் புருவம்

ஒவ்வொரு டிசம்பர் நான்காம் தேதியும் அக்னெஸ் தோட்டத்துச் செர்ரி மரத்தில் நாலு குச்சி ஒடித்துச் சாடித் தண்ணீரில் போட்டுவிட்டு, பேருந்து ஏறி நகரத்து அருங்காட்சியகத்துக்குப் போய்விடுவாள். அன்று புனித பார்பராவின் திருநாள், அன்று ஒடித்த குச்சி கிறிஸ்துமஸுக்குப் பூக்கும் என்பது ஊர் வழக்கம். மாடியில் மூன்றாவது அறையில், ஈயப் பட்டைகளுக்கு நடுவே சிவப்பு அங்கியும் கையில் கோபுரமுமாகப் பார்பரா நிற்பாள். ஐந்நூறு வருஷத்துக் கண்ணாடிச் சித்திரம், ஒரு காலத்தில் அவள் ஊர்க் கோயில் சன்னல். முகம் மட்டும் அக்னெஸின் அக்கா ஃபீனாவுடையது.

இது அக்னெஸுக்கும் அவள் தம்பி யுப்புக்கும் மட்டுமே தெரியும். போரின் கடைசிக் குளிர்காலத்தில் ஊர்மேல் குண்டு விழுந்தது. வீடு எரிந்தது, பதினாறு வயது ஃபீனா போனாள், அவளை எடுத்த படங்களும் போயின. அதே நாளில் கோயில் சன்னலில் பார்பராவின் தலை மூன்று துண்டானது. அப்பாவுக்குக் கண்ணாடி வேலை. பழுது பார்க்கச் சொல்லிப் பங்குச் சாமியார் சன்னலைக் கொடுத்தபோது, அப்பா உடைந்த தலையை ஒட்டவில்லை. வேறொரு பழைய கண்ணாடித் துண்டில் மகளின் முகத்தை எழுதிச் சூளையில் சுட்டுப் பொருத்திவிட்டார். இடது புருவத்தில் வாத்து கொத்திய தழும்பைக்கூட விடவில்லை. வெளியே யாரிடமும் மூச்சு விடவில்லை. பிற்பாடு கோயிலுக்குப் புதுச் சன்னல் போட்டார்கள், பழையதை அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டது.

அருங்காட்சியகத்துப் புத்தகத்தில் அந்தப் புருவத்துக்கென்றே ஒரு பத்தி உண்டு. மனித முகத்தை இவ்வளவு உன்னிப்பாகப் பார்த்த ஓவியர் அந்தக் காலத்தில் வேறு யார் என்று கேட்டிருந்தார்கள். யுப் அதைப் படிக்கும்போதெல்லாம் வயிறு குலுங்கச் சிரிப்பான்.

"நம்ம வாத்துக்கு வயசு ஐந்நூறு, அக்கா. யாரும் இன்னும் குழம்பு வைக்கலை."

அவன் போருக்குப் பிறகு பிறந்தவன். ஃபீனாவைப் பார்த்ததே இல்லை. அவள் எப்படி இருப்பாள் என்று சின்ன வயதில் கேட்டபோதெல்லாம் அம்மா அவனைக் கோயிலுக்குக் கூட்டிப்போய்ச் சன்னலைக் காட்டினாள்.

எழுபத்தொன்பதாவது வயதில் அக்னெஸின் இதயத்தைப் பரிசோதித்த மருத்துவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு பேசினார். அன்றிலிருந்து அவளுக்கு ஒரே நினைப்பு. நாமும் போய், யுப்பும் போய்விட்டால், அது ஃபீனா என்று சொல்ல ஆள் கிடையாது. கண்ணாடிக்குக் கீழே மாட்டியிருக்கிற அட்டையில் ஒரு வரி சேர்த்தால் போதும். இந்த முகம் இன்னாருடையது என்று.

யுப் வேண்டாம் என்றான். இத்தனை வருஷம் ஒழுங்காக நிற்கிறவளை எதற்கு உசுப்ப வேண்டும் என்று கேட்டான். அக்னெஸ் காதில் வாங்கவில்லை. வெறும் வாயால் சொன்னால் கிழவி உளறுகிறாள் என்பார்களே என்று, அப்பா ஒளித்து வைத்திருந்த கோகோ டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டாள். அதற்குள் பஞ்சில் சுற்றி, பார்பராவின் நிஜத் தலை இருந்தது, மூன்று துண்டாக.

கண்ணாடிகளைப் பராமரிக்கும் டாக்டர் லோமான் நல்ல பெண்மணி. காப்பி கொடுத்தார், குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டார், ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார். டப்பாவைத் திறந்ததும் காப்பிக் கோப்பைகளைத் தூரத் தள்ளி வைத்தார். துண்டுகளை, அடியில் விளக்கெரியும் கண்ணாடி மேசையில் சேர்த்து வைத்துவிட்டு வெகு நேரம் குனிந்தே இருந்தார். இதை அருங்காட்சியகத்துக்குத் தருகிறீர்களா என்று கேட்டார். அக்காவின் பெயர் அட்டையில் வரப்போகிற சந்தோஷத்தில் அக்னெஸ் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள்.

ஆறு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. நன்றிதான் முக்கால் பக்கம். சோதனையில் எல்லாம் உறுதியாகிவிட்டது, கண்ணாடி பழையது, சாயம் புதியது. தங்கள் பெருந்தன்மையால் மூல முகம் கிடைத்திருக்கிறது. துண்டுகளை ஒட்டி, பிப்ரவரியில் உரிய இடத்தில் பொருத்துகிறோம். பிற்காலத் தலை கழற்றப்படும்.

யுப் கடிதத்தை இரண்டு தரம் படித்தான். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அக்னெஸுக்கு இருந்தது.

"எனக்கு ஃபீனான்னா அந்தக் கண்ணாடிதான் அக்கா," என்றான். "உனக்காவது கண்ணுக்குள்ள இருக்கு."

மறுநாளே அவனை இழுத்துக்கொண்டு போனாள்.

"நான் சொன்னது பொய்ங்க," என்றாள் லோமானிடம், உட்காருவதற்கு முன்பே. "வயசாச்சு, புத்தி தடுமாறுது. அந்த டப்பா சந்தையில வாங்கினது."

லோமான் நாற்காலியை நகர்த்தி அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "அம்மா, அந்தத் துண்டோட விளிம்பு கழுத்தோட அப்படியே பொருந்துதுங்க. நீங்க பொய் சொன்னாலும் அது சொல்லாது."

"சரி, உங்க முகம் உங்களுக்கு, எங்க முகம் எங்களுக்கு. அதைக் கழட்டிக் குடுத்துடுங்க. நாங்க போயிடுறோம்."

அதற்கும் வழியில்லை. சன்னலோடு சேர்த்துப் பதிவான பொருள், அதில் ஒரு ஆணிகூட வெளியே போகக் கூடாது. அப்படியென்றால் டப்பாவைத் திருப்பித் தாருங்கள் என்றாள். அதுவும் இப்போது பதிவாகிவிட்டது. கழற்றாமல் விடச் சொல்லித் தானே கேட்டுப் பார்த்ததாகவும், இயக்குநர் முதல் குழு வரை எல்லோரும் மறுத்துவிட்டதாகவும் லோமான் சொன்னார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. யாரைக் கோபித்துக்கொள்வது என்று அக்னெஸுக்குத் தெரியவில்லை.

"இந்தம்மா கெட்டவங்களா இருந்திருந்தா சௌகரியமா இருந்திருக்கும்," என்று படியிறங்கும்போது யுப் முணுமுணுத்தான்.

கழற்றுகிற அன்று விருப்பமிருந்தால் கூட இருக்கலாம் என்றார்கள். இருவரும் போனார்கள். லோமான் ஈயப் பட்டையை ஒரு சின்னக் கத்தியால் மெல்ல மெல்ல மடக்கினார். தலை கழன்று வந்தது, உள்ளங்கை அகலம்தான். அக்னெஸுக்குக் கையுறை மாட்டி அதைக் கொடுத்தார்கள். சன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். கன்னம் தெரிந்தது, புருவம் தெரிந்தது, எதையோ கேலி பேசப்போகிறவள் மாதிரி உதட்டோரம். யுப் அவள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தான். கை வலித்துத் தானாக இறங்கும்வரை அவள் பிடித்திருந்தாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. ஆனால் அதை வைக்க வேண்டிய பெட்டி மேசையில் திறந்தே இருந்தது.

சாம்பல் நிறப் பஞ்சுக்குள் வைத்ததும் முகம் மறைந்துவிட்டது. பின்னால் வெளிச்சமில்லாத கண்ணாடி. அழுக்கேறிய பழுப்புத் துண்டும் நாலைந்து கீறலும்தான் இருந்தன. யுப் பதறிப்போய்க் குனிந்தான்.

"எங்க போயிட்டா?" என்றான்.

பெட்டி கிடங்கில் இருக்கும், எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்று லோமான் சொன்னார். இரண்டு வாரம் முன்னால் எழுதிக் கேட்க வேண்டும்.

"விளக்குப் போட்டுக் காட்டுவீங்களா?" என்று அக்னெஸ் கேட்டாள்.

"நான் இங்க இருக்கிற வரைக்கும் போடுவேன், அம்மா. அடுத்த வருஷம் ஓய்வு."

அக்னெஸ் கையுறைகளைக் கழற்ற முயன்றாள். விரல்கள் ஒத்துழைக்கவில்லை. யுப்தான் ஒவ்வொரு விரலாக இழுத்துக் கழற்றினான்.