செல்ஃப் அடிக்க ஓர் ஆள்

சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம். அதோடு சரி. டாஷ்போர்டு விளக்குகள் மங்கி, மறுபடி பளிச்சென்று எரிந்தன. பொன்னுத்துரை நான்காவது முறையும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தார்.

மணி எட்டேகால். பன்னிரண்டுக்குள் அவர் எரியோடு ஊரில் இருந்தாக வேண்டும். தங்கை மாலதியின் மகள் நாகஜோதிக்கு இன்று நிச்சயதார்த்தம். தாய்மாமன் சீர் சபைக்கு வந்த பிறகுதான் தட்டு மாற்றுவார்கள். ஐந்து தாம்பாளங்களையும் அவரே தேய்த்து, தேங்காய் பழம் அடுக்கி, நாகல் நகர் வீட்டின் கூடத்தில் வரிசையாக வைத்திருந்தார். முன்பெல்லாம் இதை மனைவி செல்லக்கிளி பார்த்துக்கொள்வாள். அவள் போய்ச் சேர்ந்து ஏழு மாதமாகிறது.

போன் அடித்தது. மாலதி.

"அண்ணே, கெளம்பிட்டீகளா?"

"கெளம்பிக்கிட்டே இருக்கேன்."

"வண்டி நல்லா இருக்குல்ல? இல்லாட்டிச் சொல்லுங்க, எம் மகன் விக்னேஷ நம்ம காரோட அனுப்புறேன். அரை மணியில வந்துருவான்."

"ஏம்மா, சீர் வாங்குற வீட்டு வண்டியிலயே சீர் வந்து எறங்குமா? மாப்ள வீட்டுக்காரன் வாசல்லதான் நிப்பான். நாக்குல பல்லுப் போட்டுப் பேச மாட்டான்?"

"அவுக ஒன்னும் சொல்ல மாட்டாகண்ணே."

"சொல்லாம மனசுல வச்சிருப்பான். அது இன்னும் மோசம். வை போன."

வாடகைக் காரும் அவருக்கு ஒத்துவராது. வீட்டில் கார் நிற்கும்போது வாடகைக் காரில் போய் இறங்கினால், அதற்கும் ஒரு காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

பானெட்டைத் தூக்கினார். முப்பத்து நாலு வருஷம் மின்வாரியத்தில் இருந்தவர். வோல்ட் அளக்கும் மீட்டரை எடுத்து பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்தார். பன்னிரண்டரை வோல்ட்டுக்கு மேல் காட்டியது. பேட்டரியில் குறையில்லை. அப்படியானால் கரண்டு பேட்டரியை விட்டுப் புறப்படுகிறது, வழியில் எங்கோ தடைபடுகிறது. தடை எங்கே என்று கண்டுபிடிக்க ஒரே வழிதான். ஒருவர் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்ப வேண்டும். அந்த நொடியில் இன்னொருவர் இங்கே நின்று மீட்டரைப் பார்க்க வேண்டும்.

அங்கேதான் வேலை நின்றுபோனது.

பக்கத்து வீட்டு முகமது பாரூக் கடை திறக்கப் புறப்பட்டவர், கேட் அருகே நின்றார்.

"என்னண்ணே, காலையிலயே பானெட்டத் தொறந்துட்டீக?"

"சும்மா. தண்ணி பாக்குறேன்."

"நேத்தும் தண்ணிதான் பாத்தீக. வண்டிக்குத் தாகம் ஜாஸ்தியோ?"

"ஒங்க கடைக்கு நேரமாகலையா?"

"அது கெடக்கு. நாலு பேரக் கூப்புட்டுத் தள்ளி விடவா?"

"தள்ளுறதுக்கு இதென்ன தேரா பாரூக்கு?"

பாரூக் சிரித்தார். ஆனாலும் உடனே போகவில்லை. 'உள்ள உக்காந்து ஒரு தடவ செல்ஃப் அடிங்க' என்று சொன்னால் போதும். ஆனால் வண்டி கிளம்பவில்லை என்பதை இதுவரை தெருவில் ஒருவருக்கும் தெரியாமல் காத்தாயிற்று. பொன்னுத்துரை குனிந்து, நிறைந்திருந்த தண்ணீர் டப்பாவை மறுபடி திறந்து மூடினார். பாரூக் பைக்கை எடுத்துக்கொண்டு போனார். பைக் சத்தம் தெருமுனை திரும்பிய பிறகும் அவர் குனிந்தே நின்றார்.

பிறகு கொடியிலிருந்து நான்கு துணிக் கிளிப்புகளைக் கழற்றிக்கொண்டு வந்தார். மீட்டர் ஒயரின் நுனியிலுள்ள ஒரு முள்ளை பேட்டரியின் ஈய முனையிலும், மற்றதை அதைச் சுற்றிக் கவ்வியிருந்த கிளாம்பிலும் நிறுத்தி, கிளிப் போட்டு இறுக்கினார். எதிரே செல்போனைச் செங்கல்லில் சாய்த்து, மீட்டரின் எண் தெரியும்படி வீடியோவை ஓடவிட்டார். ஓடிப்போய் சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். டக். இறங்கி வந்து பார்த்தார். முதலில் வைத்தது நெகட்டிவ் பக்கம்; மீட்டர் அசையவே இல்லை. அந்தப் பக்கம் சுத்தம். முட்களைப் பாசிட்டிவ் பக்கம் மாற்றி, மறுபடியும் ஓடிப்போய்த் திருப்பினார்.

இந்த முறை வீடியோவில் எண் எகிறியது. ஆறு வோல்ட்டுக்கு மேல். ஈயத்துக்கும் கிளாம்புக்கும் நடுவிலேயே பாதிக் கரண்டு செத்துப்போகிறது.

எண்ணை அவர் சரியாகத்தான் படித்தார். ஆனால் வீடியோவில் சத்தமும் இருந்தது. வண்டிக்குள்ளிருந்து அவருடைய குரல் மெல்லக் கேட்டது: "செல்ஃப் அடிக்கவா?" கொஞ்சம் இடைவெளி. பிறகு அதே குரல்: "ம், அடி."

அடிக்கவா என்று கேட்பது செல்லக்கிளி. அடி என்பது மட்டும்தான் அவர். எத்தனையோ வருஷம், எத்தனை வண்டி மாற்றினாலும், அப்படித்தான். தான் இரண்டையும் சொன்னது அந்த நேரம் பொன்னுத்துரைக்குத் தெரியவே இல்லை. எண்ணை உறுதிசெய்ய இன்னொரு முறை பார்க்க வேண்டியிருந்தது. சத்தத்தை அடைத்துவிட்டுப் பார்த்தார்.

ஸ்பேனரால் கிளாம்பைக் கழற்றினார். ஈய முனையைச் சுற்றி மஞ்சளாக ஒரு படலம் காய்ந்து ஒட்டியிருந்தது. நடுவில் சிவப்பு. சந்தனமும் குங்குமமும்.

ஆயுத பூஜைக்கு இந்த வருஷம் அவரேதான் பொட்டு வைத்தார். பொம்பளை இல்லாத வீடு, பூஜையில் குறை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. ஸ்டியரிங், டயர், மீட்டர், ஸ்பேனர் ஒன்று விடவில்லை. பேட்டரிக்கு மேலோட்டமாக வைத்தால் மரியாதை இல்லை என்று கிளாம்பைக் கழற்றி, ஈயத்தைத் துடைத்து, நெற்றிக்கு இடுவதுபோல் இட்டு, மேலே கிளாம்பை மாட்டினார். செல்லக்கிளி பானெட்டின் மேல் மூன்று பொட்டு வைத்ததோடு நிறுத்திக்கொள்வாள். ஈரமாக இருந்தவரை ஓடிய வண்டி, சந்தனம் நன்றாகக் காய்ந்ததும் நின்றுவிட்டது. மின்வாரியத்தில் அவருக்குக் கீழே வேலை பார்த்த ஒருவன் இப்படிச் செய்திருந்தால், அவனை அந்த வாரம் முழுக்க நிற்க வைத்துக் கேட்டிருப்பார்.

உப்புத்தாளை மடித்தார். பொட்டை அழிக்கக் கை கூசியது. பிறகு தேய்த்தார். ஈயம் வெள்ளியாக மின்னும்வரை தேய்த்து, கிளாம்பை இறுக்கி, உள்ளே போய், வாயை இறுக மூடிக்கொண்டு சாவியைத் திருப்பினார். வண்டி உடனே பிடித்தது.

நான்கு தாம்பாளங்கள் பின்சீட்டில் அடங்கின. பட்டுப்புடவையும் தேங்காய்களும் இருந்த பெரியது முன்சீட்டுக்கு வந்தது. தாடிக்கொம்பு தாண்டுவதற்குள் வண்டி 'டிங், டிங்' என்று கத்தத் தொடங்கி, நிறுத்தாமல் கத்தியது. தாம்பாளத்தின் கனத்தை ஓர் ஆள் என்று எடுத்துக்கொண்டு, பெல்ட் போடச் சொல்கிறது. சீட்டுக்கு அடியில் இருக்கும் இணைப்பைக் கழற்றினால் அடங்கிவிடும் என்று அவருக்குத் தெரியும். ஓரமாக நிறுத்தினார். அடியில் கையை விட்டவர், வெளியே எடுத்துவிட்டார். பெல்ட்டை இழுத்து, புடவை கசங்காமல் தாம்பாளத்தின் மேல் குறுக்கே போட்டு மாட்டினார். சத்தம் நின்றது.

பதினொன்றேகாலுக்கு மாலதி வீட்டு வாசலில் நிறுத்தினார். மாப்பிள்ளை வீட்டார் பந்தலிலிருந்து எழுந்து நின்றார்கள். மாலதி ஓடிவந்து முன்கதவைத் திறந்தாள். பெல்ட்டையும் தாம்பாளத்தையும் பார்த்தாள். அவள் குரல் இறங்கியது.

"தனியாவா வந்தீகண்ணே?"

"சீரோட வந்திருக்கேன்," என்றார் பொன்னுத்துரை.