முளை அடிக்கும் சத்தம்

தள்ளுவண்டியின் சக்கரம் கிறீச்சிட்டால் கூடாரங்களில் தூங்குகிறவர்கள் விழித்துக்கொள்வார்கள் என்று அவள் அதைச் சற்று இடப்பக்கம் சாய்த்தே தள்ளுவாள். பாரமெல்லாம் இடது மணிக்கட்டில் இறங்கும். பொழுது இன்னும் வெளுக்கவில்லை. வண்டியில், சுரங்கக் கழிவுமேட்டுக்கு அப்பால் வெட்டிய செம்மண் பனியில் ஊறி ஈரத்துணி போலக் கனத்தது. மைதானத்தின் நடுவே வண்டியை நிறுத்தி, நேற்று நிரப்பிய பள்ளத்தைக் காலால் தடவிப் பார்த்தாள்.

கால் கணுக்கால் வரை உள்ளே போயிற்று.

நேற்று மூன்று வண்டி மண் கொட்டி, மிதித்து, மண்வெட்டியின் முதுகால் தட்டி, மேலே மண்ணோடு வெட்டிய புல்கட்டை பதித்த இடம் அது. “எத்தனை போட்டாலும் வயிறு நிறையாதா உனக்கு?” என்று கேட்டாள். மண்ணோடு பேசுகிற பழக்கம் இந்த எட்டு மாதத்தில் வந்தது. மனிதர்களோடு பேசினால் வேறு கேள்விகள் வரும்.

சுரங்கத்தை நம்பிப் பிழைக்கிற சின்ன ஊர். முன்பு பந்து விளையாடிய மைதானத்தை இரண்டு வருடத்துக்கு முன் கம்பெனி கூடாரம் போடுகிறவர்களுக்குத் திறந்துவிட்டது. வாசலில் ஒரு பலகை: கூடாரம் போட இலவசம், தண்ணீர் இலவசம், ஊரைச் சுற்றி நடக்கப் பாதை உண்டு. முதுகில் மூட்டையோடு எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள். பாதை மைதானத்தில் தொடங்கி, மூடிப்போன பழைய சுரங்க வாயைச் சுற்றி, குட்டைக் கரையோடு போய், சரிவில் ஏறி, தொழிலாளர் குடியிருப்பின் பின்னால் இறங்கி, மறுபடி மைதானத்துக்கே வரும். அந்தப் பாதையில் விழுந்த கிளைகளை இழுத்துப் போடுவதும், கற்களில் சுண்ணாம்பால் அம்புக்குறி வரைவதும், கழிப்பறை கழுவுவதும், பள்ளம் நிரப்புவதும் அவள் வேலை. அதோடு முளை அடிப்பது. சாயங்காலம் வந்து சேர்கிறவர்கள் கொண்டுவரும் மெல்லிய கூடார முளைகள் கரியும் கல்லும் கலந்த இந்தத் தரையில் வளைந்துவிடும். கம்பெனி கொடுத்த முழநீள இரும்பு முளைகளை அவள்தான் சம்மட்டியால் அடித்துக் கொடுப்பாள். வலது தோளில் வலி. அதனால் மூன்று அடி, ஒரு மூச்சு, பிறகு இரண்டு அடி. அதற்கு மேல் தோள் கேட்காது.

அன்று ஒரே ஒரு கூடாரம். முந்தின நாள் மாலை தனியாக நடந்து வந்த நடுவயதுப் பெண் ஒருத்தி அதன் வாயைத் திறந்து தலையை நீட்டினாள்.

“இவ்வளவு சீக்கிரமாவா வேலை?”

“வெயிலுக்கு முன்னாடி முடிச்சாத்தாங்க உண்டு. தூங்கினீங்களா?”

“எங்க தூங்கறது? அடியில யாரோ கட்டிலை இழுத்துப் போட்டுட்டே இருக்கற மாதிரி சத்தம். குவளையில தண்ணி வெச்சிருந்தேன், அது தானா நடுங்குது.”

“லாரி போற சத்தங்க.”

யார் கேட்டாலும் அப்படிச் சொல்லும்படி கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். நடைக்கார அம்மா தலையாட்டிவிட்டு, லாரி எதுவும் போகாத சாலையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அந்தப் பார்வையைக் காணாதது போல இவள் மண்ணை மிதிக்கத் தொடங்கினாள்.

ஏழு மணிக்கு மைதானத்துக் குழாயடிக்கு அவள் புருஷனும் அவன் கூட்டாளியும் வந்தார்கள். குடியிருப்புக் குழாயில் ஒரு வாரமாகத் தண்ணீர் இல்லை. கூட்டாளிக்கு வெடி வைத்ததில் ஒரு காது போய்விட்டது. ஊருக்கே அவர் ஒத்தக்காது. மிச்சமிருந்த காது இரண்டின் வேலையையும் சேர்த்துச் செய்தது. கீழே கூரை முனகினால் முதலில் கேட்பவர் அவர்தான். இருவரும் மதிய ஷிப்ட். சுரங்கத்துக்குள் ஒன்பதாம் வழியில் தூண் எடுக்கிறார்கள். நிலக்கரியை வெட்டியபோது கூரையைத் தாங்கட்டும் என்று விட்டுவைத்த கரித் தூண்களையே, இப்போது பின்வாங்கிக்கொண்டே வெட்டி எடுக்கிற வேலை.

“தங்கச்சி, டீ இருக்கா? நேத்து உன் வீட்டுக்காரன் பயந்துட்டான். கொஞ்சம் தேத்தி அனுப்பணும்.”

“யாரு, நானா? கடப்பாரையைப் போட்டுட்டு ஓடினது யாருண்ணே?”

“ஓடலடா. வேகமா நடந்தேன்.”

அவள் சிரித்துக்கொண்டே குவளையில் ஊற்றினாள். “எதுக்கு பயம்?”

“கூரையில தட்டுதும்மா,” என்றார் ஒத்தக்காது. குரலில் விளையாட்டு வடிந்துவிட்டது. “ஒரு வாரமாச்சு. சாயங்காலத்துலதான் தட்டுது. கூரை உடையற சத்தம் எனக்குத் தெரியும், அது இழுத்து முனகும். இது ஆள் தட்டற மாதிரி. பழைய வாயில சிக்கிச் செத்தவங்க கூப்பிடறாங்கன்னு பசங்க பேசிக்கறானுங்க.”

“எப்படித் தட்டுது?”

அவர் குவளையை வைத்துவிட்டு, தொட்டி விளிம்பில் விரல் முட்டியால் தட்டினார். டொக், டொக், டொக். நிறுத்தி ஒரு மூச்சு விட்டார். டொக், டொக்.

அவள் கையில் இருந்த பாத்திரம் சாய்ந்து டீ காலில் கொட்டியது. சூடு உறைக்கவில்லை. தன் தோள்வலி பூமிக்குள் இறங்கிப் போய், இன்னொருவர் விரலில் ஏறித் திரும்பி வந்திருந்தது.

மைதானத்துக்கும் சுரங்கத்துக்கும் நடுவில் இருநூறடிப் பாறை இருப்பதாகத்தான் சுரங்க மேனேஜர் சொல்லியிருந்தார். இருநூறடியைத் தாண்டியா ஒரு சம்மட்டி கேட்கும்?

சொல்லிவிடலாம். சொன்னால் அடுத்த கேள்வி வரும்: தினம் அதே தரையில் நடக்கிறவளுக்கு ஒன்றும் தெரியவில்லையா? தெரிந்தது. எட்டு மாதமாக ஒவ்வொரு விடியலிலும் தெரிந்தது. தெரிந்ததை மண் போட்டு மூடி, மேலே புல் வைத்தாள். ‘மைதானம் கண்ணாடி மாதிரி இருக்கு’ என்று மேனேஜர் ஒருமுறை சொன்னதை, இரண்டு நாள் யாருக்கும் காட்டாமல் மனதில் வைத்துக்கொண்டு திரிந்ததும் நினைவு வந்தது.

“அது பேய் இல்லண்ணே,” என்றாள். “நான்தான்.”

அவள் புருஷன் நம்பவில்லை. தண்ணீர்க் குழாய் வழியாகச் சத்தம் இறங்கும் என்றான். நம்ப விரும்பவில்லை என்பது அவன் கழுத்து நரம்பில் தெரிந்தது. ஒத்தக்காதுதான் யோசனை சொன்னார்.

“இன்னிக்கு அஞ்சு மணிக்கு நீ அடி. உன் வழக்கப்படி வேண்டாம். நிறுத்தாம ஏழு அடி. எங்களுக்குக் கேட்டா நாங்க பதில் தட்டறோம்.”

அவர்கள் போனதும் அவள் நடைக்கார அம்மாவிடம் வந்தாள். “உங்க கூடாரத்தை வாசல் பக்கம் மாத்தித் தர்றேங்க.”

“ஏன், லாரி இந்தப் பக்கம் வருதா?”

“லாரி இல்லீங்க,” என்றாள். “காலையில நான் சொன்னது பொய்.” எட்டு மாதத்தில் கூடாரம் போட வந்தவர்களிடம் அவள் சொன்ன முதல் நிஜம் அதுதான்.

ஐந்து மணிக்கு, அதிகமாக மண் தின்ற இடத்தில் முளையை நட்டு ஏழு அடி அடித்தாள். நான்காவது அடியிலேயே தோள் கத்தியது. முடித்ததும் குப்புறப் படுத்துக் காதைத் தரையில் வைத்தாள். முதலில் தன் ரத்தம் ஓடுகிற சத்தம். புல் வேரில் ஏதோ பூச்சி அரிக்கிற சத்தம். அப்புறம், எங்கோ தூரத்தில் இல்லை, பக்கத்து அறைச் சுவரில் தட்டுவது போல அவ்வளவு அருகில், இரும்பு பாறையில் மோதியது. ஒன்று, இரண்டு, மூன்று. அவள் விரல்கள் புல்லைப் பிடித்தன. ஏழு வரை வந்து நின்றது. பதினைந்து வருடம் கூடப் படுத்தவன், வயிற்றுக்கு நேர் கீழே நின்றுகொண்டு பதில் சொல்கிறான். நடுவில் இருக்கிற தரையின் மேல் அவள் படுத்திருக்கிறாள். மூச்சைக்கூடப் பாரமாக விடப் பயந்து, ஊர்ந்து ஊர்ந்து ஓரத்துக்கு வந்தாள்.

மேனேஜர் அறையைப் பூட்டப் போகிற நேரத்தில் போய் நின்றாள்.

“சார், மைதானத்துக்கு அடியில பாறை மெல்லிசா இருக்கு. நான் மேல அடிக்கறது கீழ கேக்குது. கீழ அடிக்கறது எனக்குக் கேக்குது.”

“கூடாரம் பாத்துக்கறவளுக்குச் சுரங்கத்துல என்னம்மா வேலை?”

“என் வீட்டுக்காரர் கீழ இருக்கார் சார்.”

“ஊர்ல எல்லாருக்கும் யாராவது கீழ இருக்காங்க.” அவர் சாவியை விரலில் சுற்றினார். “நாளைக்குப் பத்து மணிக்கு ஆய்வு அதிகாரி வர்றார். மைதானத்துல அஞ்சாறு கூடாரமாவது நிக்கணும். இல்லேன்னா நம்ம ஆபீஸ் ஆளுங்களையே போடச் சொல்லு. அடியில ஆபத்துன்னா மேல ஜனங்க படுத்துத் தூங்குவாங்களா? அதைப் பாத்தாலே அவர் திரும்பிடுவார்.”

ஏன் இலவசம் என்று இரண்டு வருடமாக அவள் தன்னைக் கேட்டுக்கொள்ளாத கேள்விக்கு விடை அப்படி, சாவிச் சத்தத்தோடு, சாதாரணமாக வந்தது.

“பள்ளம் விழுதுன்னு அவர்கிட்ட நான் சொல்லுவேன் சார்.”

“எந்தப் பள்ளம்? மட்டமாத்தானே இருக்கு? விழுந்திருந்தா, அதை மூடினது யாரு? மூடுன்னு நான் எழுதிக் குடுத்தேனா?” அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. “நீ இருக்கறது கம்பெனி வீடு. உனக்கும் வேலை, அவனுக்கும் வேலை. காலையில இன்னும் நாலு வண்டி போட்டு, புல்லை வெச்சுட்டுப் போ.”

விளக்கறை வாசலில் ஒன்பதாம் வழி ஆட்கள் மேலே ஏறி வந்து நின்றிருந்தார்கள். ஷிப்ட் முடிய இன்னும் நேரம் இருந்தது. யாரும் முகம் கழுவவில்லை. இறங்குகிறவர்களுக்குத் தலைவிளக்கு எடுத்துக் கொடுக்கிற ஜன்னலுக்குப் பின்னால் அவள் நாத்தனார்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மேனேஜர் சொன்னதை மட்டும் இல்லை, தான் மூடியதையும். சொல்லச் சொல்ல யாரும் அவளைப் பார்க்கவில்லை.

“எட்டு மாசமா?” என்றான் ஒருவன். “நாங்க கீழ நிக்கறப்ப, மேல நீ புல்லு வெச்சிட்டு இருந்தியா?”

அவள் புருஷன் தரையைப் பார்த்தான். அவன் தனக்காக ஏதாவது சொல்லமாட்டானா என்று ஒரு கணம் ஏங்கி, அந்த ஏக்கத்துக்காகவும் வெட்கப்பட்டாள்.

பேசியது ஒத்தக்காது. “தூணை வெட்டினது யாருடா? நான் வெட்டினேன், நீ வெட்டினே. அவ மேல மூடினா, நாம கீழ தோண்டினோம். ரெண்டு வேலையும் சொன்னது ஒரே வாய்.”



“மூடினதை நான் திறந்துடறேன்,” என்றாள் அவள். “எங்கெங்கன்னு எனக்குத் தெரியும். கரி மண்ணுல செம்மண் ஒளிய முடியாது. ஆனா பத்து மணிக்குள்ள என் ஒருத்தியால ஆகாது.”

“ஒருத்தியா எதுக்கு?” என்றான் அவள் புருஷன், இன்னும் தரையைப் பார்த்தபடியே. “நான் செத்தா போயிட்டேன்?”

ஜன்னலுக்குள்ளிருந்து நாத்தனார் எட்டிப் பார்த்தாள். “காலை ஷிப்டுக்கு நான் விளக்கு எடுத்துத் தரப்போறதில்ல அண்ணி. இருட்டுல எவன் இறங்கறான்னு பாக்கலாம்.”

“வேலை போயிடும்டி.”

“போனா உன் வீட்டுல வந்து உக்காந்து சாப்பிடறேன்.”

“வீடே இருக்காதுங்கறார்.”

“அப்ப கூடாரம் போட்டுக்கலாம். இலவசம்தானே?”

முதலில் சிரித்தது ஒத்தக்காதுதான். சிரிப்பு அடங்கியதும் பயம் மறுபடி வந்து அவர்கள் நடுவில் உட்கார்ந்துகொண்டது. காலை ஷிப்ட் ஆட்கள் ஒத்துக்கொள்வார்களா என்று யாருக்கும் தெரியவில்லை. இருவர் இருவராகப் பிரிந்து வீடு வீடாகக் கிளம்பினார்கள்.

விடிவதற்கு முன் அவள் மைதானத்துக்கு வந்தபோது கையில் மண்வெட்டி மட்டும் இருந்தது, தள்ளுவண்டி இல்லை. பின்னால் பெண்கள் வந்தார்கள். ஆண்கள் தலையில் கதவுகளைச் சுமந்து வந்தார்கள், வீட்டுக் கதவுகளைக் கீலிலிருந்து கழற்றி. ஓட்டைத் தரையில் நேராக நிற்கக் கூடாது, பாரம் பரவ வேண்டும் என்று ஒத்தக்காது சொல்லியிருந்தார். “வீட்டை விட்டுத் துரத்துவாங்களாம். கதவைத் திறக்கற சிரமம் மிச்சம்,” என்றாள் ஒருத்தி. கதவின் மேல் படுத்து, இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையை இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, அவள் காட்டிய இடங்களில் செம்மண்ணை வாரி வெளியே போட்டார்கள். சில பள்ளங்களில் வார வார மண் கீழே வழிந்து போனது. விழுகிற சத்தம் வெகு நேரம் கழித்து வந்தது. ஒன்றில் சத்தமே வரவில்லை. குளிர்ந்த காற்று மட்டும் மேலே வந்து முகத்தில் பட்டது. அதில் கரி வாசனை இருந்தது.

சரிவுப் பாதையில் ஏறிப் பார்த்த நடைக்கார அம்மா மூச்சு வாங்க இறங்கி வந்தாள்.

“மேல இருந்து பாத்தா வரிசையா இருக்குங்க. தெருவும் சந்தும் மாதிரி.”

“ஒன்பதாம் வழி,” என்றார் ஒத்தக்காது. “அப்படியே படம் போட்டு வெச்சிருக்கு.”

“பத்து மணி வரைக்கும் நான் இருக்கேன். ராத்திரி கேட்டதை அவர்கிட்ட நானும் சொல்றேன்.”

ஆறு மணிச் சங்கு ஊதியது. மைதானத்திலிருந்து விளக்கறை தெரியும். காலை ஷிப்ட் ஆட்கள் அங்கே கூட்டமாக நின்றார்கள். ஜன்னல் மூடியிருந்தது. சங்கு இரண்டாம் முறை ஊதியது. சிலர் கூட்டத்திலிருந்து விலகி, கையைக் கட்டிக்கொண்டு, எந்தப் பக்கம் என்று தெரியாமல் நின்றார்கள். அதில் ஒருவன், நேற்று அவளைக் கேள்வி கேட்டவனின் அண்ணன், மைதானத்தை நோக்கி நடக்க ஆரம்பித்தான். பிறகு இன்னொருவன்.

மேனேஜரின் ஜீப் வாசலில் வந்து நின்றது.

“என்ன பண்ணி வெச்சிருக்கே? நிரப்பச் சொன்னா தோண்டி வெச்சிருக்கே?”

“எழுதிக் குடுங்க சார்,” என்றாள் அவள். “நிரப்புன்னு எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுங்க.”

அவர் அவளைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் செம்மண் அப்பிய கைகளோடு நின்றவர்களைப் பார்த்தார். “சாயங்காலத்துக்குள்ள எல்லாரும் வீட்டைக் காலி பண்ணணும்.” ஜீப் திரும்பிப் போன வேகத்தில் பள்ளம் ஒன்றின் ஓரம் பொலபொலவென்று உதிர்ந்தது. யாரும் அசையவில்லை. சாயங்காலம் என்ன ஆகும், ஆய்வு அதிகாரி கம்பெனிக்கு எதிராக வாயைத் திறப்பாரா, எதுவும் நிச்சயமில்லை.

இலவசம் என்ற பலகையைக் கழற்றிக் கவிழ்த்துப் போட்டார்கள். யாரும் உள்ளே போகாதபடி மைதானத்தைச் சுற்றிக் கயிறு கட்ட வேண்டியிருந்தது. கெட்டித் தரை பார்த்து அவள் முதல் முளையை நட்டாள். மூன்று அடி அடித்து, தோளைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

அந்த மூச்சுக்குள் இன்னொரு சம்மட்டி விழுந்தது. அவள் புருஷன் எதிரில் நின்றிருந்தான். அவன் அடித்துவிட்டு விலக, அவள் அடித்தாள். அவள் நிறுத்த, ஒத்தக்காது அடித்தார். முளை நிற்காமல் இறங்கியது. அந்தச் சத்தம் தரைக்குள் போய், வெட்டாமல் விட்ட தூண்களில் பட்டு, இருட்டு வழிகளில் கடைசி வரைக்கும் ஓடியிருக்கும். அதைக் கேட்க அன்று கீழே யாரும் இல்லை.