கண்ணை மூடினால் தெரிவது

தையற்காரருக்குக் கடைவாய்ப்பல் நான்கு மாதமாக உயிரை வாங்கியது. பல் மருத்துவமனை இரண்டு தெரு தள்ளித்தான். ஆனாலும் ‘நாளைக்குப் போறேன்’ என்றே நாள் ஓடியது. சோம்பேறி என்றும் சொல்ல முடியாது. துணி கைக்கு வந்ததுமே கத்தரியை எடுத்துவிடுகிறவர்.

அன்று அவர் மனைவிக்கு விடுமுறை. பஸ் ஓட்டுகிறவள். வீங்கிய கன்னத்தைப் பார்த்ததும் அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

“அப்படி என்னங்க பயம்?”

“கிளம்பணும்னு நினைச்சாலே ஊசி தெரியுது. முனையில ஒரு சொட்டு மருந்து நிக்குது. கால் நகர மாட்டேங்குது.”

“தெரியுதுன்னா? நினைப்பு வருதுன்னு சொல்லுங்க.”

“இல்லம்மா, உன்னைப் பாக்குற மாதிரியே தெரியுது. கோட்டும் அப்படித்தான். தைச்சு முடிச்ச கோட்டு கண்ணு முன்னால தொங்கும். அந்த ஆசையிலதான் வெட்டவே உக்காருவேன். உனக்கு அப்படி இல்லையா?”

அவள் கண்ணை மூடிப் பார்த்தாள். இருட்டு. பதினெட்டு வருடமாகப் பஸ் ஓட்டும் பாதை அத்துப்படி. அதில் ஒரு திருப்பம்கூடக் கண்ணுக்குள் வரவில்லை. மனக்கண் என்பதெல்லாம் சும்மா பேச்சு வழக்கு என்றே இத்தனை காலம் நினைத்திருந்தாள்.

“எனக்கு ஒண்ணுமே தெரியலைங்க.”

இருவரும் அன்றுதான் சந்தித்தவர்களைப்போல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அதான் அலாரம் அடிச்சதும் குதிச்சு எந்திரிக்கிற,” என்றார் அவர். “உன்னைப் பயமுறுத்த உள்ளுக்குள்ள ஆளே இல்லை.”

“சரி, நீங்க படத்தை மாத்துங்க. பல்லு போயாச்சு. வேர்க்கடலை மெல்லுறீங்க.”

அவர் கண்ணை மூடினார். கொஞ்ச நேரத்தில் தாடை மெல்ல அசைந்தது. எழுந்து செருப்பைத் தேடினார்.

மருத்துவமனையில் காத்திருந்தபோது அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். “எங்க அப்பா முகம்... அவர் போனதுக்கப்புறம் எனக்கு வந்ததே இல்லை. உங்களுக்கு வருதா?”

“மாமாவா? இதோ, கதவைத் திறந்துட்டு வர்றாரு. மேல் பட்டன் போடலை. உன்னைப் பாத்து ஒத்தப் புருவத்தைத் தூக்குறாரு.”

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நிக்க வைங்க.”

பத்தே நிமிடத்தில் பல்லைப் பிடுங்கியாயிற்று. வாயில் பஞ்சோடு அவர் வீட்டுக்கு நடந்தார். அவளோ எதிரே வந்த ஒவ்வொருவர் முகத்தையும் நின்று நின்று பார்த்தாள். அந்தக் கண்களுக்குள் இப்போது என்னென்ன தெரிகிறதோ!