கருஞ்சிவப்புப் பியோனி

மிச்சிரு பியோனிப் பூவின் காம்பை நறுக்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டிலிருந்து தோக்கியே அத்தை கறுப்பு உடையில் வந்து நின்றாள். எப்போதோ செத்துப்போன அப்பாவின் அக்கா.

“அத ஏன்டி வெட்டுற? சவப்பெட்டிக்குள்ள வெள்ளப் பூ போதும்னு மண்டபத்துக்காரர் சொன்னாருல்ல? இவ்வளவு செவப்பா வச்சா, எரிச்சப்புறம் எலும்புல கறை புடிக்கும்.”

“புடிக்கட்டும் அத்தை.”

“சப்போரோ பட்டணத்துக்குப் போய்ப் படிச்சதுக்கு இதான் பேச்சா?”

“படிக்காம இருந்தாலும் இதான் சொல்லியிருப்பேன்.”

அம்மா முந்தாநாள் மீன் ஆலையிலிருந்து வந்து, ரப்பர் காலணியைக் கழற்றும்போதே சரிந்து உயிரை விட்டாள். சுவருக்கும் தெருவுக்கும் நடுவே பாய் அகலத்துக்கு ஒரு மண்துண்டு, அதுதான் அவளுடையது. வருஷா வருஷம் விதைக்க நேரமில்லாதவள், ஒருமுறை நட்டால் பனிக்கடியில் கிடந்து தானே எழுந்து வருகிற செடிகளாகத் தேடினாள். பனி உருகும்போது மஞ்சள் அடோனிஸ், அது வாடும்போது நார்சிசஸ், பிறகு துலிப், கோடைக்கு லில்லி. நடுவில் ஒரு நாள்கூட மண் வெறுமையாக நிற்கக்கூடாது.

ஜூனில் வெறுமையாக நின்றது. துலிப் முடிந்தும் லில்லி தொடங்கவில்லை.

“பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்கு. மீன் அறுக்கிறவளுக்குத் தோட்டம் ஒரு கேடா?” என்று தெருவே கேட்கச் சிரித்தது இதே அத்தைதான். அம்மா நாற்றுக்கடையில் ஜூனில் பூப்பது எது என்று கேட்டுக் கேட்டு, இந்தப் பியோனியைத் தூக்கி வந்தாள். பூக்கச் சில வருஷம் பிடிக்கும் என்றார்களாம். பிடிக்கட்டும் என்றாளாம்.

“வெளிர் நிறத்துலயும் இருந்துச்சு. வேணாம்னுட்டேன். தெருமுனையிலேர்ந்தே தெரியணும்ல?” என்றாள் அம்மா மிச்சிருவிடம்.

போன வாரம் தொலைபேசியில் அவள் குரல் குதித்தது. “விரிஞ்சிருச்சு மிச்சிரு. உங்க அத்த காலையிலேர்ந்து ரெண்டு தடவ இந்தப் பக்கமா நடந்துட்டா.”

சவப்பெட்டியருகே நின்ற மண்டபத்துக்காரர் பூக்களைப் பார்த்ததும் தயங்கினார். “நிறம் கொஞ்சம்…”

“தெரியும்,” என்றாள் மிச்சிரு. அம்மாவின் தோளிலும் கழுத்தோரத்திலும் பியோனிகளை நெருக்கி வைத்தாள். ஒன்றைக்கூட மிச்சம் வைக்கவில்லை. அத்தை தன் கையிலிருந்த வெள்ளைச் செவ்வந்தியைக் கால்மாட்டில் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டாள்.

எரிமேடையிலிருந்து தட்டு வந்தது. சாம்பலுக்குள் எலும்புகள் வெளுத்துக் கிடந்தன. இருவர் இருவராகக் குச்சியால் எடுத்துக் கலயத்தில் இட வேண்டும். மிச்சிருவுக்கு எதிரே அத்தை நின்றாள். காலிலிருந்து தொடங்கி மேலே வந்தார்கள். தோளெலும்பு ஒன்றில் இளஞ்சிவப்பாக ஒரு கறை படிந்திருந்தது.

ஊழியர் சங்கடமாகத் தலை குனிந்தார். “பூவோட நிறம்… அடியில போட்டுடலாம்.”

மிச்சிரு வாயைத் திறப்பதற்குள் அத்தையின் குச்சி நீண்டது. மிச்சிரு தன் குச்சியால் எலும்பின் மறுமுனையைப் பிடித்தாள். அது இருவருக்கும் நடுவே ஆடாமல் எழுந்தது.

“மேல வை,” என்றாள் அத்தை. “தெரியட்டும்.”

கறை படிந்த பக்கம் மேலே வரும்படி அதைத் திருப்பி வைத்தார்கள்.