இடக்கை வில்லாளி

மழை நடுகல்லின் மேல் பெய்கிறது. கல்லில் நிற்கும் வீரனின் வில் நனைகிறது. நாணை இழுக்கும் கை நனைகிறது. வலக்கை.

வலக்கை! அதைப் பார்க்கும்போதெல்லாம் கொற்றிக்கு வயிறு எரியும்.

அவள் கணவன் அந்துவன் இடக்கைக்காரன். உண்பது இடக்கை. விறகு பிளப்பது இடக்கை. வில்லை வலக்கையில் பிடித்து, நாணை இடக்கையால் இழுப்பான். 'நொட்டாங்கை' என்று ஊரே அவனைக் கேலி செய்தது.

போன கார்காலத்தில் கொள்ளையர் வந்து ஊர் மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். அந்துவன் ஒருவனாகத் துரத்தினான். பாறை மறைவில், வலக்கை வில்லாளி எவனும் நிற்க முடியாத பக்கத்தில் நின்று எய்தான். அம்பு எங்கிருந்து வருகிறதென்று அவர்களுக்குப் புரியவே இல்லை.

மாடுகள் திரும்பி வந்தன. அவன் வரவில்லை.

ஊர் அவனுக்குக் கல் நட்டது. கள் படைத்தது. மயிற்பீலி சூட்டியது. நேற்றுவரை நொட்டாங்கை, இன்று சாமி!

கல் செதுக்கியவன் வெளியூர்க்காரன். அந்துவனைக் கண்ணால் கண்டதில்லை. கொற்றி அவனிடம் ஓடினாள்.

"அண்ணே, கையை மாத்திச் செதுக்கிட்டீங்க. அவரு இடக்கையால இழுக்கிறவரு."

"எல்லாக் கல்லும் இப்படித்தாம்மா. இடக்கைச் சாமிய யாரு கும்புடுவா?"

ஊர்த்தலைவர் சாத்தனிடம் போய் நின்றாள். "எந்தக் கையா இருந்தா என்னம்மா? மாடு வந்துருச்சில்ல?" என்றார் அவர். மீண்டு வந்த மாடுகளில் பாதி அவர் தொழுவத்தில்தான் அசைபோட்டுக்கொண்டிருந்தன.

சொல்லிச் சொல்லித் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மழை நின்றது. பனி வந்தது. பனி போய் வெயில் வந்தது. கல் அப்படியே. பொய் அப்படியே.

அதைவிடக் கொடுமை, ஊர் நிஜமாகவே மறந்துபோனது. "அந்த வலக்கை இருக்கே, அடேயப்பா!" கூட விளையாடி, கூடக் கேலி செய்து வளர்ந்தவர்களே இப்படிப் பேசினார்கள். என்ன மனிதர்களோ!

மகள் மருதி சின்னஞ்சிறு பெண். அவளுக்கும் இடக்கை. அவள் கூழ் அள்ளும்போது எதிரில் அந்துவனே உட்கார்ந்திருப்பதாகத் தோன்றும். கொற்றிக்கு அழுகையும் வரும், சிரிப்பும் வரும்.

மறுபடியும் கார்காலம். கல்லுக்குப் பூசை. தூறலில் ஊரே கூடிவிட்டது. மருதி கை நிறையக் கரந்தைப் பூவை அள்ளினாள். அப்பாவின் காலடியில் வைக்கப் போனாள். இடக்கையால்.

சாத்தன் பளீரென்று அந்தக் கையில் அடித்தார். பூக்களெல்லாம் சேற்றில் விழுந்தன.

"ஏ புள்ள! உங்கப்பன் முன்னாடியே நொட்டாங்கைய நீட்டறியா? அவரு கையப் பாரு!"

"அவரு கைதான்யா அது!" கொற்றி கத்தினாள். "உங்க மாட்ட மீட்ட கை அதுதான்யா!"

பறைச் சத்தத்தில் அவள் குரல் அமுங்கிப்போனது. "பாவம், புருசன் போன துக்கம்" என்று ஒருத்தி அவள் தோளைத் தடவிக்கொடுத்தாள். அந்தப் பரிவைத்தான் கொற்றியால் தாங்க முடியவில்லை.

மருதி அழவில்லை. கல்லின் கையைப் பார்த்தாள். தன் கையைப் பார்த்தாள்.

"அம்மா, அப்பாவுக்கு என் கை பிடிக்காதா?"

கொற்றி கல்லையும் கூட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். இத்தனை நாளும் யாரிடம் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்? கல்லிடமா, ஊரிடமா? இனி அவர்களிடம் சொல்ல ஒன்றும் இல்லை.

அவள் குனிந்தாள். சேற்றில் கிடந்த பூக்களை இடக்கையால் பொறுக்கினாள். பிறந்ததிலிருந்து வலக்கைக்காரி. பழகாத கை ஒரு பூவை எடுத்தால் இரண்டை நழுவவிட்டது. பறை அடித்தவன் அடிப்பதை நிறுத்தினான். சாத்தன் மட்டும் இன்னும் கத்திக்கொண்டிருந்தார்.

இடக்கையாலேயே படைத்தாள். பாதி கீழே சிந்தியது. திரும்பவும் பொறுக்கினாள்.

மருதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஐயோ, உனக்குப் பிடிக்கவே தெரியலம்மா. இங்க குடு."

வாங்கினாள். அடிபட்ட அந்தக் கையாலேயே வைத்தாள். ஒரு பூகூடச் சிந்தவில்லை.