பின்னால் வருகிறவரின் வினாடிகள்

…எட்டு, இல்லை, எட்டரை வினாடி, தலைப்பாகைக்காரர் வலப்பக்கம் பார்த்தார், இடப்பக்கம் பார்த்தார், ஒரு மாட்டுவண்டியைப் போகவிட்டார், இறங்கினார், அந்தக்கரையில் ஏறியும் விட்டார், காலி வீதியை எட்டரை வினாடியில் கடக்கலாமென்றால் இங்கே கோடு எதற்கு, கம்பம் எதற்கு என்று பெரியதுரை கேட்கமாட்டாரா, கேட்பார், கேட்கட்டும்… பூபாலசிங்கம் பென்சில் முனையை நாக்கில் தொட்டுக்கொண்டு எழுதினார். காலை ஏழு மணியிலிருந்து வெள்ளவத்தையில் ஹமீட்டின் தேநீர்க்கடை வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருக்கிறார், மடியில் கந்தோர்த் தாள், கையில் ஸ்டொப்வாட்ச். வெள்ளைக்காரரின் யுத்தம் வந்ததும் வந்தது, லொறிகள் பெருகி, நடந்துபோகிற சனம் அடிபடுவது வழக்கமாகிவிட்டது. ஆகவே அவர் வேலைபார்க்கிற வீதிக் கந்தோரில் ஒரு யோசனை, நாலு இடங்களில் ஆள் இருத்தி எண்ணுவது, யார் எவ்வளவு நேரத்தில் கடக்கிறார்கள், எத்தனை பேர் தயங்குகிறார்கள், எத்தனை பேர் ஓடுகிறார்கள் என்று. எது மிக மோசமோ அந்த ஓரிடத்தில் மட்டும் நடப்பவர்களுக்கென்று கோடு போடுவார்களாம். வெள்ளவத்தைக்கு நீ போகவேண்டாம், மருதானைக்குப் போ என்று மேலதிகாரி றேமண்ட் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார், நல்ல மனிதர், சொல்லும்போது முகத்தைப் பார்க்கவில்லை. இவர்தான் பெரிய வீரன்போல, எனக்கென்ன சேர், நான் இங்கேயே இருக்கிறேன் என்றுவிட்டார். ஏன் சொன்னார்? மனைவி பத்மாவதி அடிபட்டுப் பதினொரு மாதமாகிறது, அந்த இடம் இந்த ஸ்டூலிலிருந்து பத்தடி.

ஒன்பது வினாடி, அதோ ஒரு சோடி, குடைக்காரரும் மனைவியும், ஊர்க்காரர்தான், சால்வை போட்டிருக்கிற விதத்திலேயே தெரிகிறது. குடைக்காரர் ஏறியதும் வாட்சை நிறுத்தி, ஒன்று என்று எழுதினார், காலையிலிருந்து இப்படித்தான் எழுதுகிறார், புருஷன் பெண்சாதி சேர்ந்து கடந்தால் ஒரு கணக்கு, அப்படி எழுது என்று யாரும் சொல்லவில்லை, கையாகவே எழுதிக்கொண்டு போகிறது. நிமிர்ந்தபோது அந்த அம்மா இன்னும் நடுவீதியில் நிற்கிறார், ஒரு பஸ் ஹோர்ன் அடிக்கிறது, சேலையை ஒரு கையால் தூக்கிக்கொண்டு அரையோட்டமாக ஓடி ஏறுகிறார், குடைக்காரர் அதற்குள் கதிரேசன் கோயில் பக்கம் திரும்பி நடக்கத் தொடங்கிவிட்டார். பூபாலசிங்கம் எழுதியதைப் பார்த்தார். ஒன்பது வினாடி யாருக்கு? அந்த மனிதர் தனக்குப் போதுமான இடைவெளியைத்தான் பார்த்து இறங்கினார், பத்தடி பின்னால் வருகிறவ இறங்கும்போது அந்த இடைவெளி முடிந்துவிடுகிறதே, பஸ் கிட்ட வந்துவிடுகிறதே… அடுத்த சோடி வந்தது, இந்தமுறை வாட்சை நிறுத்தவில்லை, ஆணுக்கு எட்டு, பெண்ணுக்குப் பதினாலு. அதற்கடுத்தது ஒன்பது, பதினாறு. இன்னொன்றையும் கண்டார், காணாமல் இருந்திருக்கலாம். பெண்கள் வலதும் பார்ப்பதில்லை, இடதும் பார்ப்பதில்லை, முன்னால் போகிற முதுகைப் பார்த்துக்கொண்டு இறங்குகிறார்கள், அது இறங்கினால் வீதி சும்மா இருக்கிறது என்று அர்த்தம். வேறு எதற்குப் பார்க்கவேண்டும்? புருஷன் பார்த்துத்தானே இறங்கியிருப்பார்…

அன்றைக்கு அவருக்குக் கோபம். பம்பலப்பிட்டியில் கலியாணம், முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டது, அவருடைய சரிகைச் சால்வையைத் தேடியே அவளுக்கு அரைமணித்தியாலம் போய்விட்டது, சால்வை தன்னுடையதுதான் என்பது அப்போது அவருக்குப் பெரிதாகப் படவில்லை. கொண்டுபோகிற பித்தளைத் தட்டத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு விறுவிறென்று நடந்தார், வீதியைக் கடந்தார், பஸ் தரிப்பை நோக்கி நாலு எட்டும் வைத்துவிட்டார். அப்போதுதான் தட்டம் விழுந்த சத்தம் கேட்டது, கணீரென்று, உருண்டு உருண்டு… அவருக்கு முதலில் என்ன தோன்றியது? கடவுளே, அதைத்தான் எவருக்கும் சொல்லமுடியாது. தட்டத்தைப் போட்டுவிட்டாளே, நெளிந்திருக்குமே என்றுதான். அந்த எரிச்சலோடுதான் திரும்பினார். லொறி நின்றிருந்தது. மரண விசாரணையில், மனைவியை நிற்கச் சொன்னீரா என்று கேட்டார்கள், வெறும் கேள்வி, இல்லை என்று சொல்லியிருந்தால் சிறையிலா போட்டிருப்பார்கள்? “ஓம் ஐயா, நில்லெண்டு சொன்னனான், அவ கேளாமல் பாய்ஞ்சு ஓடிவந்தவ.” வாய் தானாகச் சொன்னது. அப்படியே எழுதிக்கொண்டார்கள், இறந்தவரின் கவனக்குறைவு என்று. இருபத்திரண்டு வருஷத்தில் அவள் அவரைக் கேளாமல் ஒன்று செய்ததாக இருப்பது அந்த ஒரு தாளில்தான், அதுவும் பொய். ஹமீட் அன்றைக்கும் இந்த வாசலில்தான் நின்றார். ஒருநாள் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, “நான் ஒண்டும் பாக்கல்ல ஐயா” என்று மட்டும் சொன்னார், பார்க்காத மனிதன் அதை ஏன் சொல்லவேண்டும்?

“அப்பா!” என்று அருந்ததி வந்து நின்றாள், பள்ளிக்கூடத்துக்குப் போகிற வேளை, இந்த மாதம்தான் டீச்சராகச் சேர்ந்திருக்கிறாள், கையில் புத்தகமும் சாப்பாட்டுப் பெட்டியும். அவளுக்கு பஸ் அந்தக்கரையில். தினமும்போல அவளை அந்தக்கரையில் விட அவர் எழும்பினார், வீதியோரம் வந்தார், அவளும் வழக்கம்போல அவருக்குப் பின்னால் வந்து நின்றாள், தாய் நின்ற அதே தூரம், யார் பழக்கினார்கள் இவளை? பூபாலசிங்கத்துக்குக் கால் எழவில்லை.

“நீ முன்னுக்குப் போ பிள்ளை. நீயே ரெண்டு பக்கமும் பார்த்துப் போ.”

“ஏனப்பா, நீங்கள் வரேல்லையே?” அவருடைய முகத்தைப் பார்த்து அவளுக்கு என்னவோ விளங்கியது, பிழையாக விளங்கியது. “பயப்பிடாதேங்கோ அப்பா, நான் அம்மாவைப்போலப் பாராமல் ஓடமாட்டன்.”

ஆறுதலாகத்தான் சொன்னாள், அன்பாகத்தான் சொன்னாள். பதினொரு மாதமாக இந்தப் பிள்ளை தாயை நினைக்கும்போதெல்லாம் ஒரு அவசரக்காரியை, சொல்வழி கேளாத ஒருத்தியை அல்லவா நினைத்திருக்கிறாள், அவளுக்காக அழும்போதுகூடக் கொஞ்சம் கோபத்தோடு அழுதிருப்பாள். அருந்ததி வலது பார்த்தாள், இடது பார்த்தாள், இறங்கினாள். நடுவீதியில் தலையை மட்டும் திருப்பி, அப்பா அங்கேயே நிற்கிறாரா என்று ஒருதரம் பார்த்துவிட்டுப் போனாள். அவ்வளவுதான். அதற்கு ஒரு வினாடிகூட ஆகவில்லை. அவள் நடை குறையவில்லை, முகூர்த்தம் ஒன்றும் தவறிப்போகவில்லை, ஒரு வினாடிகூட ஆகாத ஒன்றை… பூபாலசிங்கம் இந்தக்கரையில் நின்றபடி, “அம்மா ஓடேல்லைப் பிள்ளை” என்றார். குரல் அவருக்கே அரைவாசிதான் கேட்டது, நடுவில் ஒரு லொறி போனது. லொறி போனபிறகு பார்த்தால் அருந்ததி அந்தக்கரையில் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, காதில் கை வைத்து, என்ன என்று கேட்கிறாள். பின்னால் ஹமீட் குவளை கழுவுகிற சத்தம் நின்றுவிட்டது. இனி அதை உரத்துத்தான் சொல்லவேண்டும், வீதியில் போகிற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி.