கரிப்பொட்டு

லூயிசாவுக்குப் பொறுமை கிடையாது. வேலூரிலிருந்து மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சராக வந்த சில மாதங்களிலேயே தங்கச் சுரங்க ஊரான தங்க வயலில் எல்லாருக்கும் அது தெரிந்துவிட்டது. ஞாயிறு மத்தியானம் சர்ச்சில் சுரங்கத்து ஆட்களுக்கு வெடி விதிகளைப் படித்துக் காட்டும் வேலையும் அவள் தலையில் விழுந்தது. ஏற்கெனவே வெடித்த ஓட்டையில் மறுபடி துளைக் கம்பி வைத்து அடிக்கக் கூடாது, அடியில் வெடிக்காத மருந்து தங்கியிருக்கலாம் என்று தொண்டை வறளப் படித்தாள். ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் பெஞ்சிலேயே குறட்டை விட்டார்கள்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த ஞாயிறு பாறையைப் படமாக வரைந்து ஆளுக்கொன்று கொடுத்தாள். ஆபத்தான பழைய ஓட்டைகளுக்கு மை பூசியிருந்தாள். புதிதாகத் துளைக்க வேண்டிய இடங்கள் வெறும் வட்டங்கள். கீழே விளக்கம் எழுதலாமா என்று யோசித்தாள். பாதிப் பேருக்கு எழுத்துத் தெரியாது, படமே பேசும் என்று விட்டுவிட்டாள். இந்த முறை ஒருவரும் தூங்கவில்லை. புரிந்ததா என்று கேட்டதற்கு எல்லாரும் தலையாட்டினார்கள்.

மறுநாள் காலை பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது முனியப்பனின் மனைவி தங்கம்மா அவளை வீட்டுக்குள் கூப்பிட்டாள். இதுவரை கல் அள்ளிக்கொண்டிருந்த முனியப்பனுக்கு அன்றுதான் துளை போடும் வேலை கிடைத்திருந்தது. மண் பூசிய தட்டிச் சுவரில் லூயிசாவின் படம் அடுப்புக்கரியால் பெரிதாக வரையப்பட்டிருந்தது.

"பாத்தீங்களா டீச்சரம்மா? அவருதான் போட்டாரு. மனப்பாடமே பண்ணிக்கினாரு."

லூயிசாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்க, நீ சொல்லு. கம்பி எங்க வெக்கணும்?"

தங்கம்மா கரி பூசிய வட்டத்தில் விரலை வைத்தாள். "இங்க."

"இன்னா சொல்ற? அங்கதான் வெக்கக் கூடாது."

"மேஸ்திரி மெழுகுவத்தியைப் பாறைகிட்ட புடிச்சி, புகையால கரிப்பொட்டு வெப்பாராமே. பொட்டு வெச்ச எடத்துலதான் அடிப்பாங்களாம். பாதி ஓட்டை ஏற்கெனவே இருக்குது, வேலை சுளுவுன்னு சந்தோசமா சொல்லிட்டுப் போனாரு."

லூயிசா வாசலுக்குப் பாய்ந்தாள். "எங்க இருக்காரு?"

"மொத ஷிப்ட்டு. எறங்கிப் பூட்டாரே."

லூயிசா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். ஒன்றும் புரியாமல் தங்கம்மாவும் பின்னால் ஓடினாள். சுரங்கக் குழியின் ஷாப்ட் வாயருகே, ஆட்களை இறக்கும் கேஜுக்கு மணி அடிக்கும் பர்னபாஸ் கையை நீட்டி மறித்தார். அவள் மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறியது.

"வாயால சொல்லி அனுப்பினா ஆவாது டீச்சர். கையில உங்க படம் வெச்சினு இருக்கானுங்க. அதைத்தான் நம்புவானுங்க."

அவருடைய பென்சிலையும் ஒரு காகிதத்தையும் பிடுங்கினாள். பாறையைக் குறுக்கே வெட்டிப் பார்த்த மாதிரி ஓர் ஓட்டை வரைந்தாள். அதன் அடியில் ஒரு வெடிமருந்துக் குச்சி, அதைத் தொடப்போகும் கம்பி. இந்த முறை கீழே கொட்டை எழுத்தில் எழுதினாள்: பழைய ஓட்டையில் மருந்து இருக்கும். கம்பி வைக்காதே. படத்தில் சந்தேகம் வந்தால், நாலு எழுத்துத் தெரிந்த ஒருவனாவது படித்துச் சொல்வான்.

மணியை வேறொருவரிடம் விட்டுவிட்டு, பர்னபாஸே காகிதத்தோடு கேஜில் இறங்கினார்.

லூயிசாவால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. கயிற்றுச் சக்கரத்தைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், மறுபடி சக்கரத்தைப் பார்த்தாள். எங்கோ கீழே வெடி முழங்கியபோதெல்லாம் ஷாப்ட் விளிம்புக்கு ஓடினாள். தன் அவசரப் புத்தியின் மேல் அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"தப்பு என்னுதுதான்" என்றாள்.

ஒருவழியாகக் கேஜ் மேலே வந்தது. பர்னபாஸுக்குப் பின்னால் முனியப்பன் இறங்கினான். கையில் அந்தக் காகிதம் கசங்கியிருந்தது.

"கம்பியை வெச்சிட்டேன் டீச்சரம்மா. கூட வேலை செய்ற பெருமாளு சம்மட்டியைத் தூக்கிட்டான். அப்பத்தான் இவரு வந்து எல்லாருக்கும் படத்தைக் காட்டி நிறுத்தினாரு." சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

தங்கம்மா அவன் தலையைத் தன் இடுப்போடு அணைத்துக்கொண்டாள். பிறகு அவன் கையிலிருந்த காகிதத்தை எடுத்துப் பார்த்தாள்.

"படம் புரியுது. கீழ இன்னா எழுதிக்கிது?"

லூயிசா படித்தாள்.

"எந்த எழுத்து எதுன்னு காட்டுங்க. இனிமே எங்க ஊட்டுச் செவுத்துல அவரு படம் போட்டா, கீழ நான் எழுதணும்."

கரி இன்னும் ஒட்டியிருந்த அவள் விரலைப் பிடித்து லூயிசா முதல் எழுத்தின் மேல் வைத்தாள். "ப" என்றாள்.